வேளாங்கண்ணிக்கு நீளும் கை, சொந்தப் பங்குக்கு ஏன் சுருங்குகிறது?

ஆகஸ்டு கடைசி வாரத்தில் தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் சாலையோரம் ஒரு நாள் நின்று பார்த்தவர்கள் எங்கள் பக்கத்து ஆட்களைக் கஞ்சர்கள் என்று சொல்லவே மாட்டார்கள். 29ஆம் தேதி வேளாங்கண்ணியில் கொடி ஏறும். அதற்கு முன்பிருந்தே காவி உடுத்திய நடைபயணிகள் சாரை சாரையாக வர ஆரம்பித்து, செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் வரைக்கும் போய்க்கொண்டே இருப்பார்கள். அதில் இந்துக்களும் நிறைய. வழி நெடுக நீர்மோர், எலுமிச்சை சாதம், சுக்குக் காப்பி, கால் வலிக்குத் தைலம். அன்றாடக் கூலிக்குப் போகிறவர் வீட்டு வாசலில்கூட ஒரு குடம் தண்ணீரும் டம்ளரும் இருக்கும். யாரும் ரசீது கேட்பதில்லை. யார் பெயரும் ஒலிபெருக்கியில் வாசிக்கப்படுவதில்லை.

அதே வீடுகளில்தான் பங்குச் சந்தா, அதாவது சொந்த ஊர்க் கத்தோலிக்கக் கோயிலுக்கு மாதாமாதம் கட்ட வேண்டியது, பாக்கி நிற்கும். சந்தாவும் பெரிய தொகை இல்லை, மாதத்துக்கு இரண்டு கிலோ அரிசி விலை. பூண்டி மாதா கோயில் உண்டியலில் ஐந்நூறு ரூபாய்த் தாளைப் போடுகிறவர், ஞாயிறு பூசையில் காணிக்கைப் பை வரும்போது சட்டைப்பையில் சில்லறை தேடுவார்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊரில் இன்னமும் ‘செகரட்டரி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். கடன் வசூலித்துப் பழகியவன் என்ற ஒரே தகுதிக்காக அப்போதைய பங்குத்தந்தை என்னை நிதிக்குழுவில் போட்டார். ஒரு தலைமைக் கோயில், சில கிளைக் கிராமங்கள், பெரும்பாலும் விவசாயக் குடும்பங்களும் விவசாயக் கூலிகளும் உள்ள பங்கு. அங்கே இத்தனை வருடங்களில் பார்த்ததை எழுதுகிறேன். வேறு பங்குகளில் இதே நிலைமையில் இருக்கிறவர்களுக்குப் பயன்படலாம்.

நான் சேர்ந்தபோது நடைமுறை இப்படித்தான் இருந்தது: பணம் குறைந்தால் பிரசங்கத்தில் திட்டு விழும். திட்டு வாங்குகிறவர்கள் யார்? ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வந்து, முடிந்ததைக் கொடுக்கிறவர்கள். கொடுக்காதவர் அன்றைக்கு வயலில் இருப்பார், அல்லது வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். இன்னொரு பங்கில் இதைவிட மோசம். திருமண ஓலையை, அதாவது கல்யாண அறிவிப்பை, பூசையில் வாசிக்க வேண்டுமென்றால் முதலில் பாக்கியைக் கட்டு என்று சொல்லிவிடுவார்கள். என் உறவுக்காரப் பையன் கல்யாணத்துக்கு அப்படித்தான் வட்டிக்கு வாங்கிக் கட்டினோம். கட்டின குடும்பம் அதற்குப் பிறகு கோயில் பக்கம் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும்தான் போகிறது. திருச்சபைச் சட்டம் 848, ஏழ்மையின் காரணமாக யாருக்கும் அருளடையாளங்களின் உதவி இல்லாமல் போய்விடக் கூடாது என்று குருக்களை எச்சரிக்கிறது. சட்டத்தை விடுங்கள், கூட்டுறவுச் சங்கத்தில்கூட நாங்கள் கல்யாண வீட்டுக்குப் போய்க் கடன் கேட்டதில்லை.

அன்பியக் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. இருபது முப்பது வீடு சேர்ந்த கூட்டம், யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில். செபம் முடிந்து காப்பி வந்ததும் வாய் திறக்கும். ஒரு வீட்டுக்குப் போனபோது அந்த வீட்டுப் பெரியம்மா என்னைப் பார்த்து, “காசு கேட்டுத்தானே வந்திருக்கீங்க செகரட்டரி, உள்ள வந்து உக்காருங்க, எடுத்தாரேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னார். அவர் பார்த்தவரையில் கோயிலிலிருந்து ஒருவர் வீட்டுப் படி ஏறினால் அதற்கு ஒரே காரணம்தான். பணத்தைத் தவிர வேறு எதையும் அவரிடம் பங்கு கேட்டதில்லை. வாங்கின பணம் என்ன ஆயிற்று என்று சொன்னதும் இல்லை. வேளாங்கண்ணிச் சாலையில் அவர் மோர் ஊற்றிக் கொடுக்கும்போது குடிக்கிறவர் முகம் தெரிகிறது. பங்குக்குக் கொடுக்கும்போது பைக்குள் போகிறது, அவ்வளவுதான்.

முதலில் கணக்கைத் திறந்தோம். நிதிக்குழுவில் இருந்த ஒரு பெரியவர் தடுத்தார். “கணக்கு காட்டினா சண்டை வரும், சும்மா இருக்கறத ஏன் கிளர்றீங்க?” என்றார். அனுபவசாலிதான் அவர், சண்டை வரத்தான் செய்தது. 1983ஆம் வருடத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 537ஆம் சட்டம், ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது. 1287, மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குக் காட்டச் சொல்கிறது. ஆக, கணக்குக் காட்டுவது பங்குத்தந்தை மனமிரங்கிச் செய்யும் சலுகை இல்லை. இதை அவரே பூசையில் சொன்னது பெரிய உதவியாக இருந்தது.

கணக்கை எழுதுவதிலும் ஒரு வழி இருக்கிறது. ‘நிர்வாகச் செலவு’, ‘இதர செலவு’ என்று போட்டால் யாருக்கும் ஒன்றும் விளங்காது, சந்தேகம்தான் வளரும். நாங்கள் பொருளின் பேரில் எழுதினோம்: கரண்டு பில், அப்பமும் இரசமும், மெழுகுவர்த்தி, மணி அடித்துக் கோயிலைக் கூட்டிப் பெருக்குகிறவருக்குச் சம்பளம், மறைக்கல்விப் புத்தகம், கிளைக் கிராமக் கோயிலுக்கு வெள்ளையடித்தது, மறைமாவட்டத்துக்குக் கட்டியது. எல்லாம் ஒரே தாளில், பெரிய எழுத்தில். அறிவிப்புப் பலகையில் ஒட்டியதோடு விடாமல் ஒவ்வொரு அன்பியத்துக்கும் ஒரு பிரதி கொடுத்து, அங்கேயே உட்கார்ந்து வாசித்தோம். சம்பளத் தொகையைப் பார்த்துப் பலர் வாயடைத்துப் போனார்கள். “இந்தக் காலத்துல இத வச்சு அந்த மனுசன் எப்படிங்க சாப்புடுவாரு?” என்று ஒருவர் கேட்டார். சந்தாவைக் கூட்டலாமா என்ற பேச்சு அங்கே, அவர்கள் பக்கத்திலிருந்துதான் முதலில் வந்தது.

சண்டை கரண்டு பில்லில் வந்தது. இவ்வளவு எப்படி ஆகும், யாரோ சாமியார் பங்களாவில் ஏசி ஓட்டுகிறார்கள் என்று ஒருவர் சத்தம் போட்டார். வயரிங் வேலை பார்க்கும் ஒரு தம்பி எழுந்து, “பேசறத விடுங்கண்ணே, நாளைக்கு நானே வந்து பாத்துடறேன்” என்றார். வந்து பார்த்தார். பழைய குழல்விளக்குகள், எப்போதோ போட்ட வயர், மோட்டாரில் கோளாறு. வாரம் ஒரு நாள் சாயங்காலமாக வந்து அத்தனையையும் மாற்றிக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை, சாமான்களுக்கு மட்டும் பணம். அந்தத் தம்பி அதற்கு முன்னால் பூசை நேரத்தில் வெளியே வேப்ப மரத்தடியில் பைக்கில் சாய்ந்துகொண்டு நிற்கிறவர். இப்போது உள்ளேதான் நிற்கிறார். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று, யாராவது மைக்கைத் தட்டினால் முறைப்பார்.

அன்றையிலிருந்து நான் வைத்துக்கொண்ட முறை, பணத்துக்கு முன்னால் வேலையைக் கேட்பது. அதுவும் பொதுவாக ‘எல்லோரும் ஒத்துழைப்பு தாருங்கள்’ என்று அறிவிப்பில் கேட்டால் யாரும் வர மாட்டார்கள். ஆளைப் பார்த்து, வேலையைச் சொல்லி, எவ்வளவு நேரம் ஆகும் என்றும் சொல்லிக் கேட்க வேண்டும். “மாமா, சனிக்கிழமை காலையில ஒரு மணி நேரம் உங்க டிராக்டர் வேணும், கல்லறைத் தோட்டத்துல மண்ணு மேடா கெடக்கு” என்றால் மறுக்கிறவர் குறைவு. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன்னால் எல்லோருக்கும் தங்கள் தாய் தகப்பன் கல்லறை நினைவு இருக்கும், அப்போது கேட்டால் மண்வெட்டியோடு தெருவே வரும். தையல் தெரிந்தவரிடம் பீடத் துணி. கொத்தனாரிடம் மழைக்கு ஒழுகும் மூலை. எழுதப் படிக்கத் தெரியாத ஆத்தாக்களிடம் காணிக்கைப் பவனி. வாசகம் வாசிக்க எங்கள் கோயிலில் எப்போதும் அதே நான்கு பேர்தான், அதில் இரண்டு பேர் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். அன்பியவாரியாக முறை போட்டு, வியாழக்கிழமையே வாசகத்தைக் கையில் கொடுத்து, சனிக்கிழமை ஒரு தடவை மைக்கில் வாசிக்கச் செய்தபோது தடுமாறித் தடுமாறி வாசித்தவர்கள் உண்டு. முணுமுணுப்பும் வந்தது. அந்த ஆசிரியர்களையே சனிக்கிழமை சொல்லிக்கொடுக்கிறவர்களாக உட்கார வைத்ததில் முணுமுணுப்பு அடங்கியது. மகள் வாசிக்கிறாள் என்று அன்றைக்குக் குடும்பமே முன் பெஞ்சில் வந்து உட்காரும். அன்றைய காணிக்கைப் பையும் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும், அதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது காலம். இதை டெல்டாவில் இருந்துகொண்டு யாரும் மறக்கக் கூடாது, ஆனால் மறந்துவிடுகிறோம். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் குறுவை. அப்போது விதை, உரம், நடவுக் கூலி என்று கையில் இருப்பதெல்லாம் வயலுக்குப் போய்விடும். அந்தச் சமயத்தில் பள்ளிக்கூடமும் திறக்கும். கோயில் கட்டட நிதிக்கு அப்போது நோட்டீஸ் அடித்தால் எப்படி வசூலாகும்? சம்பா அறுவடை தை, மாசியில். அறுத்த அன்றைக்கும் கையில் காசு இருக்காது. நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டி, 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் என்று திருப்பிவிட்டால் மறுபடி காய வைத்து, நாற்பது கிலோ சிப்பமாகப் பிடித்து, அப்புறம் வங்கிக் கணக்கில் பணம் ஏறும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தவன் என்பதால் அந்த வாரம் எது என்று எனக்குத் தெரியும். விவசாயக் குடும்பங்களுக்கு மாதச் சந்தாவை அறுவடைச் சந்தாவாக மாற்றினோம். விரும்பினால் நெல்லாகவே தரலாம். பழைய காலத்தில் களத்து மேட்டிலேயே சாமிக்கு என்று ஒரு மரக்கால் ஒதுக்குவார்கள். அந்தப் பழக்கம் இன்னும் எல்லோர் மனதிலும் இருந்ததால் விளக்கிச் சொல்ல அவசியமே வரவில்லை. மாதச் சம்பளக்காரர்களுக்குப் பழையபடி மாதத்துக்கு. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற கூலிப் பெண்களுக்குச் சந்தாவே வேண்டாம் என்று ஒரு கருத்து வந்தது. அதை அவர்களே ஏற்றுக்கொள்ளவில்லை. ஏன் என்று விளங்க எனக்குத் திருவிழா விவகாரம் வர வேண்டியிருந்தது.

எங்கள் ஊரில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி. கொடியேற்றத்திலிருந்து தேர் வரைக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு உபயதாரர். தெற்குத் தெருவில் மட்டும் வரி வாங்குவதில்லை. “பாவம், இல்லாதவங்க, அவங்ககிட்ட போயி என்னத்த வாங்கறது” என்றுதான் காரணம் சொல்வார்கள். கேட்கக் கருணை போலத் தெரியும். ஆனால் வரி இல்லையென்றால் உபயம் இல்லை, விழாக் குழுவில் இடம் இல்லை, தேர் அந்தத் தெருவுக்குப் போகாது. கூலிப் பெண்கள் சந்தா கொடுத்தே தீருவோம் என்றதற்கு இதுதான் காரணம். கொடுக்காதவருக்குக் கேட்கும் உரிமையும் இருக்காது என்பதை வருடக்கணக்காகப் பார்த்தவர்கள் அவர்கள்.

அந்தத் தெருவிலிருந்து செவிலியர் படிப்பு முடித்த ஒரு பெண், ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டார்: “எங்ககிட்ட மட்டும் ஏன் வரி வாங்கமாட்டேங்கறீங்க?” கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருவர், அந்தத் தெருவில் மின்கம்பி தாழ்வாக இருக்கிறது, தேர் போகாது என்று ஆரம்பித்தார். வரியைக் கேட்டதற்குப் பதில் தேரைப் பற்றி வந்ததிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. பங்குத்தந்தை, இந்திய ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையை எடுத்து வந்து, சாதிப் பாகுபாடு பாவம் என்று அதில் சொல்லியிருப்பதைக் கூட்டத்திலேயே வாசித்தார். நம்முடைய வயரிங் தம்பி மூங்கில் கழியோடு போய்க் கம்பியின் உயரத்தையும் தேரின் உயரத்தையும் அளந்து வந்தார். ஓரிடத்தில் மட்டும்தான் இடித்தது. மின்வாரியத்தில் மனு கொடுத்து அதைத் தூக்கிக் கட்டினார்கள்.

இது ஒரே திருவிழாவில் முடிந்துவிடவில்லை. முதலில் சப்பரம் மட்டும் போனது, தேர் போக மேலும் சில வருடங்கள் ஆயின. சில குடும்பங்கள் அந்த இடைப்பட்ட காலத்தில் வரி தராமல் ஒதுங்கினார்கள். பணம் குறைந்தது, வாண வேடிக்கையையும் கச்சேரியையும் வெட்டினோம். என் கருத்தில் அந்த நஷ்டம் நல்ல நஷ்டம். இந்த இடத்தைத் தொடாமல் பங்களிப்பு, பகிர்வு என்று என்ன பேசினாலும் அது ஒரு பக்கத்துப் பேச்சுதான். தலைமுறை தலைமுறையாகத் தேருக்குப் பூ அலங்காரம் செய்கிற குடும்பத்தை ஒரேயடியாக ஒதுக்கவும் இல்லை. பூ அவர்களுடையதாகவே இருக்கட்டும், வடம் எல்லோருக்கும் என்று முடிவானது. அந்த வீட்டுப் பெரியவர் இரண்டு திருவிழாவுக்கு வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அவருடைய பேரன் வந்தான்.

நடுவில் கஜா புயலைச் சொல்லியாக வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரைக்கும் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. எங்கள் ஊரில் ஓடு பறந்ததோடு சரி. கடலோரத்தில் சோற்றுக்கே வழியில்லை என்று செய்தி வந்ததும் கோயில் மணியை அடித்தார்கள். அரிசி, தார்ப்பாய், மெழுகுவர்த்தி, போர்வை என்று மண்டபம் நிறைந்துவிட்டது. சந்தா கொடுக்காதவர்கள், கோயிலுக்கே வராதவர்கள், பள்ளிவாசல் தெரு ஆட்கள், பிள்ளையார் கோயில் தெரு ஆட்கள் எல்லோரும் வந்தார்கள். இளைஞர்கள் மரம் அறுக்கும் வாளோடு லாரியில் ஏறினார்கள். போன இடத்தில் யார் வீடு, எந்த மதம் என்று யாரும் பார்க்கவில்லை. திரும்பி வந்தவர்களில் பாதிப் பேரை, ஏழைகளுக்கு உதவும் எங்கள் வின்சென்ட் தே பால் சபை விடவில்லை, அப்படியே பிடித்துப்போட்டது. நெருக்கடி நேரத்தில் மக்கள் வருவார்கள், அதில் ஆச்சரியம் இல்லை. வந்தவர்களுடைய பெயரையும் கைபேசி எண்ணையும் எழுதி வைத்து, அடுத்த மாதமே ஒரு சின்ன வேலையைக் கொடுத்தால்தான் தங்குவார்கள். இல்லாவிட்டால் தண்ணீர் வடிந்ததும் போய்விடுவார்கள்.

வின்சென்ட் தே பால் சபையிடம் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. 1833இல் பாரிஸில் தொடங்கிய சபை அது. கூட்டத்தில் ஒரு பையைச் சுற்றி விடுவார்கள். கையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். போட்டவர் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. ஒன்றுமே போடாமல் கையை எடுத்தாலும் தெரியாது. இரகசியக் காணிக்கை என்று பெயர். இதைப் பார்த்துத்தான் கோயில் வாசலில் அரிசி டிரம் வைத்தோம். சமையலுக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடி ஒதுக்கி, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொட்டலாம். பிள்ளைகளுக்கு இதில் கொண்டாட்டம், நான்தான் கொட்டுவேன் என்று சண்டை போடும். பிறகு அந்த அரிசி தனியாக இருக்கும் முதியவர்களுக்கும் நோயாளி உள்ள வீடுகளுக்கும் இருட்டின பிறகு போகும். வாங்குகிறவரை நிறுத்தி வைத்துப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடும் வழக்கம் ஒன்று சில இடங்களில் பரவியிருக்கிறது. எங்கள் பங்கில் அதற்குத் தடை. நாளைக்கு நான் நொடித்துப் போனால் என் படமும் இப்படித்தான் சுற்றும் என்று நினைக்கிறவன், கொடுக்கவும் தயங்குவான், கேட்கவும் தயங்குவான்.

இதற்கு நேர் எதிரே நிற்பது கல்வெட்டு. டெல்டாவில் குழல்விளக்குக்கே உபயம் எழுதுவார்கள், வெளிச்சத்தைவிட எழுத்துத்தான் அதிகம் தெரியும். கோபுரம் கட்டும்போது சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் பெரிய தொகை அனுப்பினார்கள். நல்லதுதான். ஆனால் நான்கு பேர் பணத்தில் கோபுரம் எழுந்துவிட்டால் மற்றவர்கள் அண்ணாந்து பார்ப்பதோடு சரி, அடுத்த வருடம் சுண்ணாம்பு அடிக்கக்கூட அந்த நான்கு பேரைத்தான் எதிர்பார்ப்பார்கள். அதனால் கோபுரச் செலவைச் செங்கல்லாகப் பிரித்தோம். ஒரு கல்லுக்குக் கொடுத்தவர், ஆயிரம் கல்லுக்குக் கொடுத்தவர் எல்லோர் பெயரும் ஒரே நோட்டில், ஒரே அளவு எழுத்தில், தெரு வரிசைப்படி. கல்வெட்டில் வருடமும் பங்கு மக்கள் என்பதும் மட்டும். ஒருவர் கோபித்துக்கொண்டு பாதிப் பணத்தோடு நிறுத்திக்கொண்டார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

வெளிநாட்டுப் பணத்தில் சட்டம் ஒன்று இருக்கிறது, பல பங்குகளில் இது தெரியாமலே வாங்குகிறார்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர் வெளிநாட்டில் வேலை பார்த்துத் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படாது. அந்த நாட்டுக் குடியுரிமையை வாங்கிவிட்டவர் அனுப்பினால், அவர் நம் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும், அது வெளிநாட்டுப் பங்களிப்பு. எப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. வாங்குவதற்கு முன் மறைமாவட்டப் பொருளாளரிடம் கேட்டுவிடுங்கள். அதேபோல ஜிபே வசதிக்காக ஒரு உறுப்பினருடைய சொந்த எண்ணைக் கோயில் வாசலில் ஒட்டி வைப்பதும் வேண்டாம். அவர் உத்தமராகவே இருக்கட்டும், சந்தேகத்துக்கு ஏன் அவரைப் பலி கொடுக்க வேண்டும்? பங்கின் வங்கிக் கணக்கோடு இணைந்த க்யூஆர் அட்டைதான் சரி.

எதற்கென்று கொடுத்தார்களோ அதற்கே செலவிட வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 1267. எங்கள் பதிவேட்டில் தலைப்புவாரியாகப் பிரித்து எழுதுகிறோம். கஜாவுக்கு வந்த பணத்தில் மீதி இருந்தபோது, கோயில் கழிப்பறைக்கு எடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. கழிப்பறையும் அவசியம்தான். ஆனாலும் அன்பியங்களில் கேட்டோம். அவர்கள் புயலில் கூரை போன ஒரு கிளைக் கிராமத்துக் குடும்பத்துக்குக் கொடுக்கச் சொன்னார்கள். கழிப்பறைக்குத் தனியாக வசூலித்தோம், அதுவும் வந்தது.

இந்தப் பதிவேட்டை இப்போது எழுதுவது சுயஉதவிக் குழு நடத்தும் ஒரு பெண்மணி. ஐந்து ரூபாய் வித்தியாசம் வந்தால் ராத்திரி தூக்கம் வராத ஆள். வாரா வாரம் குழுவில் சேமிப்பையும் கடனையும் எழுதிப் பழகிய கை. முன்பெல்லாம் நிதிக்குழுவில் ஆண்கள்தான், அதிலும் நிலம் உள்ளவர்கள். கணக்கு எழுத ஆளே இல்லை என்று வேறு புலம்பிக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு தெருவிலும் கணக்கு எழுதத் தெரிந்த நான்கு பெண்கள் இருக்கிறார்கள், யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். பங்குத்தந்தை மாறிப் போனாலும் வேலை நிற்காமல் போவதற்கு இந்த நோட்டுத்தான் காரணம். சாமியார்கள் சில வருடத்துக்கு ஒரு தடவை மாற்றலாகிப் போகிறவர்கள். ஒருவருடைய உற்சாகத்தில் மட்டும் ஓடியது அவர் பெட்டியைக் கட்டும்போதே நின்றுவிடும். புதிதாக வந்தவரிடம் முதல் வாரமே நோட்டையும் வேலை முறைப் பட்டியலையும் கொடுத்தோம். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, “நான் என்ன செய்யணும்னு இதுல இல்லையே” என்று சிரித்தார்.

இப்போது எங்களுக்கு வந்திருப்பது புதுப் பிரச்சினை. எங்கள் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். அரிசி ஆலையிலும் கட்டட வேலையிலும் வடக்கத்திப் பையன்கள். அதில் ஜார்க்கண்டிலிருந்து வந்த சிலர் கத்தோலிக்கர்கள். ஞாயிறு தவறாமல் வந்து கடைசி வரிசையில் நின்று, பூசை முடிந்ததும் யாரிடமும் பேசாமல் போவார்கள். பாட்டும் செபமும் தமிழில், அவர்களுக்கு எது புரியும் என்று யாரும் யோசிக்கவில்லை. ராணுவத்தில் இருந்து வந்த ஒருவர்தான் இந்தியில் பேச்சுக் கொடுத்தார். அடுத்த வாரம் அவர்கள் நான்கு பேராக வந்து, திருவிழாவுக்கு நாங்களும் வரி தரலாமா என்று அவர் மூலமாகவே கேட்டார்கள்.

விழாக் குழுவில் இது பெரிய விவாதமாகிவிட்டது. சம்பாதித்து வீட்டுக்கு அனுப்புகிற பிள்ளைகளிடம் வாங்குவதா என்று பாதிப் பேர். தெற்குத் தெருச் செவிலியர் இப்போது குழுவில் இருக்கிறார். “வாங்குங்க. வாங்கிட்டு அவங்களுக்கும் ஒரு நாள் உபயம் குடுங்க” என்றார். தலைக்கட்டு என்றால் குடும்பத்துக்கு ஒன்று. ஒரே அறையில் பன்னிரண்டு பேர் தங்கியிருக்கிறார்கள், அதை எப்படிக் கணக்கிடுவது என்று பதிவேடு எழுதும் அந்த அம்மா கேட்டதற்கு, அந்த அறையை ஒரு தலைக்கட்டாக வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. ஆலைத் தெரு அன்பியத்தில் சேர்த்திருக்கிறோம். ஆறாம் நாள் நவநாளில் அவர்கள் பாட்டு ஒன்று, அதற்கு ‘மாந்தர்’ என்கிற அவர்கள் மத்தளம் வேண்டுமாம். இங்கே கிடைக்காது, ஊரிலிருந்து ரயிலில் வருகிறது.